அம்மாவுக்கு ஆட்டுக்கால் கிழங்கு சூப்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீடு இரண்டாவது மாடி, மூட்டு வலி வந்த பிறகு அம்மா கீழே இறங்குவதே குறைந்துவிட்டது, இந்த மார்கழிப் பனியில் விடிந்ததும் காலை ஊன்றவே சுவரைப் பிடிக்கிறார். நேற்று மார்க்கெட்டில் முடவாட்டுக்கால் கிழங்கு கிடைத்தது. கொல்லிமலைப் பாறைகளில் படர்ந்து வளரும் ஒரு பெரணிச் செடியின் கிழங்கு, மேலே பழுப்பாக முடி முடியாக இருப்பதால் பார்க்க அசல் ஆட்டுக்கால்தான், ஆனால் சுத்த சைவம். அந்த முடியைக் கத்தியால் சுரண்டிச் சுரண்டி எடுக்கத்தான் பொறுமை வேண்டும்.

100 கிராம் கிழங்கைப் பொடியாக நறுக்கி, மிளகு, சீரகம், இஞ்சி, ஆறு பல் பூண்டு சேர்த்து அரைத்து, சின்ன வெங்காயமும் தக்காளியும் வதக்கி, நாலு டம்ளர் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் கொதிக்க விட்டேன். நார் அதிகம், வடிகட்டித்தான் குடிக்க வேண்டும்.

டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தவில்லை, நிறுத்த விடவும் மாட்டேன். சூடாக ஒரு டம்ளர் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்துடா, உடம்பே கதகதன்னு இருக்கு" என்றார். அப்புறம் சாயங்காலம் என் தோளைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை இறங்கி, பூக்கார அக்காவிடம் அவரே பேரம் பேசி இரண்டு முழம் மல்லி வாங்கினார்.