தீக்குச்சியில் நூல் வராத புழு அழுகல் நோய்

தேனீப் புழுக்களைக் கொல்லும் அமெரிக்கப் புழு அழுகல் நோயைக் கண்டுபிடிக்க எல்லாரும் சொல்லும் வழி ஒன்று உண்டு. அடையில் சந்தேகப்படும் புழு அறையின் மெழுகு மூடியைக் கிழித்து, தீக்குச்சியின் மருந்தில்லாத முனையை உள்ளே விட்டுக் கலக்கி, மெதுவாக வெளியே இழுக்க வேண்டும். உள்ளே இருக்கும் பழுப்புக் கூழ் 2 முதல் 3 செ.மீ. வரை நூலாக நீண்டால் நோய் உறுதி. நூல் வந்துவிட்டால் பேச்சே இல்லை. நூல் வராததை வைத்துக்கொண்டு “பெட்டி சுத்தம்” என்று சொல்லிவிடுவதில்தான் ஆபத்து.

நோய்க்குக் காரணம் பேனிபாசில்லஸ் லார்வே என்ற பாக்டீரியா. புழுவைத் தொற்றுவது அதன் ஸ்போர், அதாவது கெட்டி ஓட்டுக்குள் உறங்கும் வடிவம், மட்டுமே. வளர்ந்த தேனீக்கு ஒன்றும் ஆகாது, அது ஸ்போரைச் சுமந்து திரியும் வண்டி, அவ்வளவுதான். முட்டையிலிருந்து வெளிவந்து 12 முதல் 36 மணி நேரமான புழுவுக்குப் பத்து ஸ்போர் போதும். அதே புழு இரண்டு நாள் தாண்டிவிட்டால் சாதாரண அளவு ஸ்போர் அதை ஒன்றும் செய்யாது. உணவோடு உள்ளே போன ஸ்போர் சுமார் 12 மணி நேரத்தில் நடுக்குடலில் முளைத்து, முதலில் புழு தின்ற சர்க்கரையிலேயே பெருகுகிறது. பிறகு கைட்டின் என்ற உறுதியான சர்க்கரைப் பொருளைச் சிதைக்கும் நொதியால் குடலின் உட்படலத்தை அரித்து, குடற்சுவரை உடைத்து உடலுக்குள் பரவுகிறது. கடைசியில் புழு முழுதும் கூழாகிக் காய்ந்து, அறையின் கீழ்ச்சுவரில் செதிலாக ஒட்டிக்கொள்ளும். ஒரே புழுவில் 200 கோடிக்கு மேல் ஸ்போர்கள் இருக்கலாம். அவை 35 ஆண்டுக்குப் பிறகும் முளைத்திருக்கின்றன.

நூல் வருவது இந்தப் பயணத்தின் நடுப்பகுதியில் மட்டும். புழு செத்த புதிதில் கூழ் தண்ணீராக இருக்கும், குச்சியில் நிற்காது. செதிலாகிவிட்டால் ஒட்டவே ஒட்டாது. இது பழைய செய்தி, கையேடுகளிலேயே இருக்கிறது. ஆனால் புழு எப்போது சாகிறது என்பதே பாக்டீரியாவின் வகையைப் பொறுத்தது என்பது பிற்பாடு தெரியவந்தது.

ஜெர்மனியில் பெர்லினுக்கு அருகே ஹோஹன் நொயன்டார்ஃபில் உள்ள தேனீ ஆய்வு நிறுவனத்தில் எல்கே கெனர்ஷ் குழுவினர் 2006-இல் இந்தப் பாக்டீரியாவின் மரபணு வகைகளை எரிக் (ERIC) என்ற மரபணுச் சோதனையின் பெயரால் எரிக்-1 முதல் எரிக்-4 வரை பிரித்துக் காட்டினார்கள். களத்தில் அதிகம் அகப்படுபவை முதல் இரண்டு. எரிக்-1 தொற்றிய புழுக்கள் எல்லாம் செத்து முடிய ஏறக்குறைய 12 நாள் ஆகும், எரிக்-2-க்கு 7 நாள் போதும். பணித்தேனீப் புழுவின் அறை மூடப்படுவது முட்டையிட்ட 8-9 நாளில், அதாவது புழுவுக்கு 5-6 நாள் வயதில். ஆகவே எரிக்-2-இல் பெரும்பாலான புழுக்கள் மூடுவதற்கு முன்பே செத்துவிடுகின்றன. திறந்த அறையில் செத்துக் கிடப்பதைச் செவிலித் தேனீக்கள் உடனே இழுத்துப் போட்டுவிடும். கூழும் இல்லை, நூலும் இல்லை. அடையில் அங்கங்கே காலி அறைகள் மட்டும் தெரியும், “ராணிக்கு வயதாகிவிட்டது” என்று நாமும் சொல்லிவிடுவோம். எரிக்-1-இல் மூடிக்குக் கீழே சாகும் புழுக்கள் அதிகம். அதனால் நூலும் அதிகம், கூட்டத்துக்குள் ஸ்போர் பெருக்கமும் அதிகம். புழுவை வேகமாகக் கொல்லும் வகை கூட்டத்தை மெதுவாகக் கொல்கிறது. இந்தத் துறையின் மிக அழகான முடிவு இதுதான் என்பேன்.

புழு சாகும் இந்த நாள் கணக்கைக் காட்டியது கைவேலை மிகுந்த ஒரு சோதனை. ராணியைக் காலி அடையில் ஒரு நாள் அடைத்து ஒரே வயது முட்டைகளைப் பெறுவார்கள். பொரிந்த முதல் நாள் புழுக்களை வளைந்த மெல்லிய கருவியால் எடுத்து, ராயல் ஜெல்லி உணவு ஊற்றிய குழித்தட்டுகளில் மிதக்க விடுவார்கள். பல ஆய்வகங்கள் பின்பற்றும் முதல் நாள் கலவையில் பாதி ராயல் ஜெல்லி, 6 சதவீதம் குளுக்கோஸ், 6 சதவீதம் ஃபிரக்டோஸ், 1 சதவீதம் ஈஸ்ட் சாறு, மீதி தண்ணீர். வெப்பம் 34.5 °செ., ஈரப்பதம் 95 சதவீதம். ஸ்போர் கலந்த உணவு முதல் 24 மணி நேரம் மட்டுமே, அதன்பின் சுத்தமான உணவு.

கெட்டுப்போக வழிகள் நிறைய. எடுக்கும்போது புழு புரண்டுவிட்டால் மூச்சுத் துளைகள் உணவில் மூழ்கிச் செத்துவிடும். ஈரம் குறைந்தால் உணவில் ஆடை கட்டும். உணவைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துச் சூடாக்காமல் ஊற்றினால் புழு தாங்காது. ஆகவே செத்த ஒவ்வொரு புழுவையும் அகரில், அதாவது பாக்டீரியா வளர்க்கும் கூழ்த்தட்டில், தடவி, பாக்டீரியா வளர்ந்தால்தான் நோய்ச்சாவு என்று கணக்கில் எடுக்க வேண்டும். ஸ்போர் தராத புழுக்களிலேயே 15 சதவீதத்துக்கு மேல் செத்தால் அந்தத் தட்டைத் தூக்கி எறிவதே நேர்மை.

அகரிலும் ஒரு சிக்கல் உண்டு, அதன் கதை பழையது. 1885-இல் செஷயர், செய்ன் என்ற ஆய்வாளர்கள் அழுகிய புழுவில் கிடைத்த பாசில்லஸ் ஆல்வியையே குற்றவாளி என்றார்கள். அது ஐரோப்பியப் புழு அழுகலில் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும் கிருமி என்பதும், நோய்கள் இரண்டு என்பதும் 1906-இல் ஜி. எஃப். வொயிட் என்ற ஆய்வாளர் பிரித்துக் காட்டிய பிறகே தெளிவானது. அதே ஆல்வி இன்றும் தட்டு முழுக்கப் பரவி, நாம் தேடுவதை மூடிவிடும். அதைத் தடுக்கத்தான் நாலிடிக்ஸிக் அமிலம் என்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்து, மில்லி லிட்டருக்கு 20 மைக்ரோகிராம். வெறும் தண்ணீரில் இது கரையாது. நீர்த்த சோடியம் ஹைட்ராக்ஸைடில் கரைத்து, அகர் 50 °செ. அளவுக்கு ஆறிய பிறகு சேர்க்க வேண்டும். இந்தப் பாக்டீரியாவை வளர்க்கும் எம்.ஒய்.பி.ஜி.பி. என்ற அகர் கலவைக்கு லிட்டருக்கு முல்லர்-ஹின்டன் குழம்பு 10 கிராம், ஈஸ்ட் சாறு 15, டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 3, குளுக்கோஸ் 2, சோடியம் பைருவேட் 1, அகர் 20 கிராம். குளுக்கோஸைத் தனியாக ஆட்டோகிளேவில் (கிருமி நீக்கும் நீராவிக் கலன்) வைக்கவும், சேர்த்து வைத்தால் கருகும்.

கூட்டத்தைச் சோதிக்க அழுகிய புழு தேவையில்லை, புழு அடையை ஒட்டிய தேன் போதும். தேனை 45-50 °செ.க்குச் சூடாக்கி, சம அளவு கிருமி நீக்கிய தாங்கல் கரைசலில் கலந்து, 3000 ஜி (புவியீர்ப்பைப் போல் 3000 மடங்கு) விசையில் அரை மணி சுழற்றி, மேல்நீரை இறுத்துவிட்டு, அடியில் தங்கியதை 80 °செ.யில் 10 நிமிடம் வைக்க வேண்டும். முளைத்துவிட்ட பிற பாக்டீரியாக்கள் இதில் செத்துப்போகும், ஸ்போர் பிழைக்கும். பிறகு தட்டில் பரப்பி, 5-10 சதவீதக் கார்பன் டை ஆக்ஸைடில் 37 °செ.யில் 3-4 நாள். சந்தேகக் காலனியில் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்ஸைடு ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். குபுகுபுவென்று நுரைத்தால் அது வேறு எதுவோ. நுரைக்காதவற்றை பி.சி.ஆர். என்ற மரபணுச் சோதனை உறுதி செய்து தரும். ஸ்போர்களில் மிகச் சிறு பங்கே தட்டில் முளைக்கும் என்பதால், எண்ணிக்கை எப்போதும் உண்மையைவிடக் குறைவுதான்.

நூலை மறைக்கும் இன்னொன்று ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக். வளரும் பாக்டீரியாவை அடக்கும், ஸ்போரைத் தொடாது. மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும்வரை அறிகுறி இருக்காது, அடையும் சட்டமும் தொற்றோடே அடுத்த பெட்டிக்குப் போகும். அதைச் சமாளிக்கும் எதிர்ப்பு மரபணு கொண்ட வகைகளும் வந்துவிட்டன. இந்த மருந்தை வைத்து நோயைச் “சமாளிப்பது” எனக்கு ஏற்புடையதல்ல.

நம்மூர்ப் பெட்டிக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. 1991-92-இல் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்களை அழித்தது தாய்லாந்து சாக்புரூட் என்ற வைரஸ். அதில் புழு நீர் நிறைந்த பையாக முழுசாக வெளியே வரும், நூல் வராது, ஆன்டிபயாட்டிக்கும் பலிக்காது. ஐரோப்பியப் புழு அழுகலில் புழு மூடாத அறையில் முறுக்கிக்கொண்டு மஞ்சளாகிச் சாகும். கூழ் சில சமயம் சிறிது நீளும், ஆனால் சட்டென்று அறுந்துவிடும்.

ஜெர்மனியில் அடைத்தேன் முடிவை மூன்றாகப் பிரிக்கிறார்கள். 0 என்றால் ஸ்போர் கிடைக்கவில்லை, 1 என்றால் குறைவு, 2 என்றால் அதிகம். 2 வந்த கூட்டங்களில் நோய் வெளிப்பட வாய்ப்பு அதிகம் என்பதால் தேனீக்களை உதறிவிட்டு எல்லா அடைகளையும் பார்க்க வேண்டும். 1 வந்தால் அறிகுறி இல்லை என்று விட்டுவிடாமல், அந்தப் பெட்டியின் சட்டங்களையும் கருவிகளையும் தனியே வைத்து மறு மாதிரி எடுப்பதே சரி. சோதித்த தீக்குச்சியை அங்கேயே எரித்துவிடுங்கள், அடுத்த அறைக்குப் புதுக்குச்சி.