ஒயரிங் தெரியும், தேர்வுதான் பயம் என்பவர்களுக்கு

மின்கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வுக்கு நான் விண்ணப்பித்தபோது 12 வருஷம் ஒயரிங் வேலை பார்த்திருந்தேன். அதற்குத் தகுதி 5 வருஷ வேலை அனுபவம், 21 வயது; மேல் வயது வரம்பு இல்லை. நம்மைப் போல அண்ணன்மாரிடம் ஹெல்பராகச் சேர்ந்து தொழில் பழகியவர்களுக்கு ஏற்ற தேர்வு. கைத்தொழில் இருக்கும்போது படிக்க என்ன இருக்கிறது என்றுதான் புத்தகத்தைத் திறந்தேன்.

முதல் கேள்வியிலேயே சறுக்கினேன். 40 வாட், 100 வாட் குண்டு பல்புகளை சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) இணைத்து 230 வோல்ட் கொடுத்தால் எது பிரகாசமாக எரியும்? யோசிக்காமல் 100 என்றேன். விடை 40 என்று போட்டிருந்தது. நம்ப மனம் வராமல் அன்று ராத்திரியே ஒரு பலகையில் இரண்டு ஹோல்டர் அடித்து மாட்டிப் பார்த்தேன். 40 நன்றாக எரிந்தது. 100-ன் இழை லேசாகச் சிவந்ததோடு சரி. அப்புறம்தான் கணக்குப் போட்டேன்: 40 வாட் பல்பின் மின்தடை சுமார் 1,322 ஓம், 100 வாட்டுக்கு 529. சீரிஸில் இரண்டிலும் ஓடுவது ஒரே கரண்ட், அதனால் தடை அதிகமுள்ள பல்பில்தான் வெளிச்சம் அதிகம். வீடுகளில் நாம் கொடுப்பதெல்லாம் பேரலல் இணைப்பு, அதில் 100-தான் பிரகாசம். என் கண் அதற்குப் பழகியிருந்தது.

அதனால் வெறுமனே மனப்பாடம் செய்யாதீர்கள். படித்ததை உங்கள் வேலையில் எங்கே பார்த்திருக்கிறீர்கள் என்று தேடுங்கள். வீட்டில் பாதி லைட் மங்கி, மீதி லைட் கண் கூசுகிற மாதிரி எரிந்தால் நியூட்ரல் (கரண்ட் திரும்பும் கம்பி) போயிருக்கிறது என்று நமக்குச் சட்டென்று தெரியும். ஏன் என்பதற்கான பதில் மூன்று ஃபேஸ் பாடத்தில் இருக்கிறது. வயரைப் புறங்கையால்தான் தொடணும் என்று எனக்குத் தொழில் சொல்லித்தந்த அண்ணன் திட்டுவார். ஷாக் அடித்தால் தசை சுருங்கும், உள்ளங்கை என்றால் கம்பியைப் பிடித்துக்கொள்ளும் என்ற காரணம் பாடத்தில் கிடைத்தது. (இருந்தாலும் டெஸ்டர் இல்லாமல் கை வைக்காதீர்கள்.) நாம் எர்த் என்பது தாளில் புவியிணைப்பு, இன்சுலேஷன் என்பது மின்காப்பு. இந்தச் சொற்களுக்கு ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டுக்கொண்டேன். பெரிய உதவி.

ஆனால் என்னை உலுக்கியது ஃபியூஸ் பாடம். ஃபியூஸ் சரியாக இருந்தால் ஆளுக்கு ஆபத்தில்லை என்று 12 வருஷமும் நம்பினேன், வீட்டுக்காரர்களிடமும் சொன்னேன். 5 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் 5,000 மில்லி ஆம்பியர். மனித உடம்பில் சில பத்து மில்லி ஆம்பியர் ஓடினாலே உயிர் போகலாம். அந்தக் கரண்டுக்கு ஃபியூஸ் அசையக்கூட அசையாது. அது காப்பாற்றுவது வயரைத்தான். ஆளைக் காப்பாற்ற, லைனில் போவதும் நியூட்ரலில் திரும்புவதும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கிற ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் வேண்டும், அதுவும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்திலேயே விழுந்து கரண்டைத் துண்டிப்பது. இதை எத்தனை வருஷம் வேலை பார்த்தாலும் கை சொல்லித் தராது. ஷாக் அடித்துப் பிழைத்தவர்கள்தான் நம்மிடம் கதை சொல்கிறார்கள். போனவர்கள் வந்து சொல்வதில்லை. தேர்வில் வருகிறதோ இல்லையோ, இந்தப் பாடத்தை இரண்டு தடவை படியுங்கள்.

இந்தக் கணக்கை அண்ணனிடம் ஒரு பேப்பரில் போட்டுக் காட்டினேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ நாம முடிச்சுக் கொடுத்த வீடெல்லாம்?” என்று கேட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு மெயின் போர்டிலேயே ஆரம்பித்தோம். ஆர்சிசிபியை மாட்டி முடித்ததும் அதன் டெஸ்ட் பட்டனை அவரே அழுத்தினார். டக்கென்று விழுந்தது. அடுத்த வாரம் பழைய வேலை நோட்டை எடுத்து, யார் யார் வீடு என்று எழுதத் தொடங்கினோம்.