காய்ச்சலும் பேதியும் சேர்ந்து வந்த குழந்தை: மணிக்கு மணி எதைப் பார்க்க வேண்டும்?

ஒன்றரை வயதுக் குழந்தை. மூன்று நாளாகப் பேதி, நேற்றிலிருந்து காய்ச்சல். கண் உள்ளே போயிருக்கிறது, கூப்பிட்டால் சரியாகத் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்தத் துவண்டு கிடப்பது எதனால்? நீர் வற்றியதாலா, சர்க்கரை இறங்கியதாலா, கிருமி ரத்தத்துக்கோ மூளை உறைக்கோ போய்விட்டதாலா? அட்மிஷன் போடும் நேரத்தில் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. தொற்றும் நீரிழப்பும் ஒன்றாக வரும்போது பெரும்பாலான அறிகுறிகளுக்கு இரண்டு காரணம் இருக்கலாம். நீர் ஏற்றி, காய்ச்சலைக் குறைத்து, அதன் பிறகு திரும்பவும் பார்த்தால்தான் எது எதனால் என்பது பிரியும். அப்படித் திரும்பத் திரும்பப் பார்க்கிறவர் டியூட்டி நர்ஸ்தான். குழந்தைகள் வார்டுக்குப் புதிதாக வந்திருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் நாடித்துடிப்பு. காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் துடிப்பு நிமிடத்துக்குச் சுமார் பத்து கூடும். 39.5 டிகிரியில் 170 என்று எண்ணிவிட்டு அதை அப்படியே நீரிழப்பின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. காய்ச்சல் இறங்கி, குழந்தை அழாமல் இருக்கும்போது இன்னொரு முறை எண்ண வேண்டும். அப்போதும் குறையவில்லை, கை கால் சில்லிட்டிருக்கிறது என்றால் பிரச்சினை வேறு. மூச்சும் இதே போலத்தான். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை நிமிடத்துக்கு 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40, இதைத் தொட்டாலே வேகமான மூச்சு. முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குவது சின்னக் குழந்தைக்கு ஒத்துவராது. நெஞ்சு உள்வாங்கி, இருமலோடு வரும் வேகமூச்சு நிமோனியாவாக இருக்கலாம். நெஞ்சு உள்வாங்காமல், ஆழமாக, இழுத்து இழுத்து விடும் மூச்சு பேதியில் பைகார்பனேட் (அமிலத்தைச் சமன் செய்யும் உப்பு) போய் ரத்தத்தில் அமிலம் கூடியதன் அடையாளம். இது நீர் ஏற ஏறக் குறையும், நிமோனியா மூச்சு அப்படிக் குறையாது.

தோலைக் கிள்ளிப் பார்ப்பதை நிறையப் பேர் கையில் செய்கிறார்கள். அங்கே செய்து பயனில்லை. வயிற்றில், தொப்புளுக்கும் விலாப்பக்கத்துக்கும் நடுவில், மடிப்பு உடம்பின் நீளவாக்கில் வருகிற மாதிரி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொண்டு தோலின் முழுக் கனத்தையும் ஒரு விநாடி பிடித்து விட வேண்டும். நக நுனியால் கிள்ளக் கூடாது. விட்ட உடனே சமமானால் சரி. மடிப்பு ஒரு கணம் தெரிந்து மறைந்தால் 'மெதுவாக'. இரண்டு விநாடிக்கு மேல் நின்றால் 'மிக மெதுவாக'. மிகவும் மெலிந்த குழந்தைக்கு நீரிழப்பே இல்லாவிட்டாலும் தோல் மெதுவாகத்தான் திரும்பும். கொழுகொழு குழந்தைக்கோ வீக்கம் உள்ள குழந்தைக்கோ நீர் வற்றியிருந்தாலும் சட்டென்று திரும்பிவிடும். அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனத்தின் முறை ஒரே அறிகுறியை நம்புவதில்லை. அமைதியின்மை, குழிந்த கண், தண்ணீரைக் கண்டால் பறப்பது, தோல் மெதுவாகத் திரும்புவது: இவற்றில் இரண்டு இருந்தால் மிதமான நீரிழப்பு. துவண்ட நிலை அல்லது நினைவின்மை, குழிந்த கண், குடிக்க முடியாமை, தோல் மிக மெதுவாகத் திரும்புவது: இவற்றில் இரண்டு இருந்தால் கடுமையானது. கண் குழிந்திருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் அம்மாவிடம் கேளுங்கள். அந்தக் கண் வழக்கமாக எப்படி இருக்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

எடை எல்லாவற்றையும் விட நம்பகமானது. ஆனால் துணியில்லாமல், ஒரே தராசில் எடுத்தால்தான். பத்து கிலோ குழந்தை அரை கிலோ குறைந்திருந்தால் ஐந்து சதவீத இழப்பு. மாலையில் வேறு தராசில், டயப்பரோடு நிறுத்தால் எல்லாக் கணக்கும் குழம்பிவிடும்.

மிதமான நீரிழப்புக்கு ஓ.ஆர்.எஸ். போதும், கிலோவுக்கு 75 மில்லி, நான்கு மணி நேரத்தில். பத்து கிலோவுக்கு 750 மில்லி. கேட்டவுடன் "இவ்வளவு எப்படிக் குடிக்கும்?" என்று மலைப்பாக இருக்கும். ஐந்து மில்லி டீஸ்பூனால் 150 ஸ்பூன்; 240 நிமிடத்தில் கிட்டத்தட்ட ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன். முடிகிற வேலைதான், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால். புட்டியில் ஊற்றிக் கொடுத்தால் தாகத்தில் மடமடவென்று உறிஞ்சி மொத்தத்தையும் வாந்தி எடுக்கும். உடனே "வாய் வழியாகக் கொடுத்தது தங்கவில்லை" என்று சார்ட்டில் ஏறிவிடும். பல நேரம் தங்காததற்குக் காரணம் கொடுத்த வேகம்தான். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, பிறகு இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூனாகத் தொடர வேண்டும். கண் இமை வீங்கினால் ஓ.ஆர்.எஸ்.ஸை நிறுத்தி, தாய்ப்பாலும் வெறும் தண்ணீரும் கொடுத்துவிட்டு டாக்டரிடம் சொல்ல வேண்டும். தாய்ப்பாலை எந்தக் கட்டத்திலும் நிறுத்த வேண்டியதில்லை.

கலக்குவதில் நடக்கும் தவறு சின்னதாகத் தெரியும், விளைவு பெரிது. ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். பாதிப் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டினால் உப்பு செறிவு கூடி, ரத்தத்தில் சோடியம் ஏறும், வலிப்பு வரை போகும். 200 மில்லி பாக்கெட்டும் இருப்பதால் உறையைப் படித்த பிறகுதான் தண்ணீரை அளக்க வேண்டும். ருசிக்காகச் சர்க்கரை சேர்ப்பதும் கூடாது. குடல் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்தே உள்ளே போகின்றன, தண்ணீர் அவற்றின் பின்னால் போகிறது. அதற்காகத்தான் இப்போதைய கலவையில் இரண்டும் லிட்டருக்கு 75 மில்லிமோல் என்று சமமாக இருக்கின்றன. சர்க்கரை மிஞ்சினால் அது குடலுக்குள்ளேயே நின்று தண்ணீரை அங்கே இழுத்துவைக்கும், பேதி கூடும். பாட்டில் ஜூஸும் சோடாவும் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். கலக்கியது 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடுங்கள்.

கடுமையான நீரிழப்பில் டிரிப்ஸ். ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசல், கிலோவுக்கு மொத்தம் 100 மில்லி. ஒரு வயதுக்குக் கீழே முதல் 30 மில்லி ஒரு மணி நேரத்தில், மீதி 70 ஐந்து மணி நேரத்தில். ஒரு வயதுக்கு மேலே முதல் 30 அரை மணியில், மீதி இரண்டரை மணியில். எட்டு கிலோ, பத்து மாதக் குழந்தை என்றால் முதலில் 240 மில்லி, பிறகு 560. அதாவது இரண்டாவது கட்டத்தில் மணிக்கு 112 மில்லி. ஒரு மில்லிக்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட்டில் நிமிடத்துக்கு 112 சொட்டு. 20 சொட்டுச் செட்டில் 37. எந்தச் செட் மாட்டியிருக்கிறது என்று பார்க்காமல் சொட்டை எண்ணினால் மூன்று மடங்கு தவறும். பத்து கிலோ, ஒன்றரை வயதுக் குழந்தைக்கு முதல் 300 மில்லி அரை மணியில் போக வேண்டும். 20 சொட்டுச் செட்டிலேயே அது நிமிடத்துக்கு 200 சொட்டு, கண்ணால் எண்ணவே முடியாது. அங்கே சொட்டை விட்டுவிட்டு பாட்டிலின் அளவுக்கோட்டையும் கடிகாரத்தையும் பார்ப்பதே சரி. முதல் 30 மில்லி முடிந்தும் மணிக்கட்டு நாடி பலவீனமாகவே இருந்தால் அதே அளவு இன்னொரு முறை. ஊசி போட ரத்தநாளம் கிடைக்கவில்லை என்றால் ஒருவர் தேடிக்கொண்டிருக்கட்டும். கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்காமல் மூக்குக் குழாய் வழியாக மணிக்குக் கிலோவுக்கு 20 மில்லி ஓ.ஆர்.எஸ். தொடங்கலாம்.

இந்த அளவுகள் பேதியால் நீர் வற்றிய குழந்தைக்கானவை. காய்ச்சல், தொற்று, கை கால் குளிர்ச்சி என்று வரும் எல்லோருக்கும் இப்படி மளமளவென்று ஏற்றக் கூடாது. கென்யா, உகாண்டா, டான்சானியாவில் நடந்து 2011-இல் வெளியான ஃபீஸ்ட் ஆய்வு, கடுமையான காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குறைந்து வந்த குழந்தைகளுக்கு வேகமாகத் திரவம் ஏற்றியபோது இறப்பு குறையாமல் கூடியதைக் காட்டியது. வயிற்றுப்போக்குக் குழந்தைகளையும் கடும் ஊட்டச்சத்துக் குறைவு உள்ளவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். புஜத்தின் நடுச்சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் அது கடும் ஊட்டச்சத்துக் குறைவு; அந்தக் குழந்தைக்கு, ஷாக் (ரத்த ஓட்டம் சரிந்த நிலை) இல்லாத வரை, டிரிப்ஸே வேண்டாம். நீர் மிஞ்சுவதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: தொடங்கும்போதே கல்லீரலின் கீழ் விளிம்பைத் தொட்டுப் பார்த்து வயிற்றில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடச் சொல்லுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டிக் கல்லீரல் இறங்கி, இறங்கிய மூச்சு மறுபடி வேகமெடுத்தால், டிரிப்ஸை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

கேனுலா (டிரிப்ஸுக்காக ரத்தநாளத்தில் செருகும் சிறு குழாய்) போட்ட இடம் தெரியும்படி இருக்க வேண்டும். பிடுங்கிவிடுமே என்று துணியைச் சுற்றி மூடினால் உள்ளே வீங்குவது வெளியே தெரியாது. மணிக்கு ஒருமுறை இரண்டு கைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். குளிர்ந்து, வெளுத்து, தடித்திருந்தால் திரவம் ரத்தநாளத்துக்கு வெளியே போகிறது. சிவந்து, சூடாக, ரத்தநாளம் கயிறு மாதிரி தட்டுப்பட்டால் ரத்தநாள அழற்சி. இரண்டிலும் கேனுலாவை எடுத்துவிட வேண்டும். பம்ப் அலாரம் அடிக்கவில்லை என்பதால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. திசுவுக்குள்ளும் அது தள்ளிக்கொண்டே இருக்கும். நீரேற்றம் முடிந்து மெதுவான டிரிப்ஸுக்கு வந்ததும் பியூரெட்டில் (பாட்டிலுக்குக் கீழே இருக்கும் அளவுக் குழாயில்) இரண்டு மணி நேர அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள். கிளாம்ப் தவறித் திறந்துகொண்டாலும் போவது அவ்வளவுதான்.

தொற்றுக்கு வருவோம். வெறும் தண்ணீராகப் போகும் பேதியில் பெரும்பாலானவை வைரஸ், ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. மலத்தில் ரத்தம், காலரா சந்தேகம், நிமோனியா, செப்ஸிஸ் (தொற்று உடம்பெங்கும் பாதிக்கும் ஆபத்தான நிலை) என்று காரணம் இருந்தால்தான். செப்ஸிஸ் ஷாக் என்றால் முதல் டோஸ் ஒரு மணி நேரத்துக்குள் போக வேண்டும். பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) அதற்கு முன் எடுப்பது நல்லது; ஆனால் ரத்தம் கிடைக்கவில்லை என்று மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. இந்தக் குழந்தைகளில் அடிக்கடி எழுதப்படும் ஆன்டிபயாட்டிக் செஃப்ட்ரியாக்சோன், ஓடிக்கொண்டிருப்பது ரிங்கர் லாக்டேட். ரிங்கர் லாக்டேட்டில் கால்சியம் இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் படிகமாகத் திரியும். ஒரே லைனில் ஒரே நேரத்தில் போடவே கூடாது. டிரிப்ஸை நிறுத்தி, நார்மல் சலைனால் லைனைக் கழுவி, மருந்தைக் கொடுத்து, மறுபடி கழுவிய பிறகுதான் டிரிப்ஸைத் திறக்க வேண்டும். 28 நாளுக்கு உட்பட்ட சிசுவுக்கு இப்படிக் கழுவிக் கொடுப்பதும் கூடாது, வேறு மருந்து கேளுங்கள். ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் எழுதியிருந்தால் ஊசியை எடுக்கும் முன் குழந்தை சிறுநீர் கழித்ததா என்று பாருங்கள்; வற்றிய சிறுநீரகத்தை அது மேலும் கெடுக்கும். பொட்டாசியத்தை டிரிப்ஸில் சேர்ப்பதும் சிறுநீர் வந்த பிறகுதான்.

சிறுநீர், கிலோவுக்கு மணிக்கு ஒரு மில்லி வர வேண்டும். நனைந்த டயப்பரின் எடையிலிருந்து காய்ந்த டயப்பரின் எடையைக் கழித்தால் ஒரு கிராமுக்கு ஒரு மில்லி. தண்ணீராகப் பேதி போகும்போது இரண்டும் கலந்துவிடும். 'கலந்தது' என்றே எழுதுங்கள், ஊகித்து எண் போட வேண்டாம். பிரித்துத் தெரிய வேண்டிய நிலை என்றால் சிறுநீர்ப் பை ஒட்டலாம். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை என்றால் டாக்டருக்குத் தெரிய வேண்டும், ரவுண்ட்ஸ் வரை வைத்திருக்கக் கூடாது.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், நான்கிலிருந்து ஆறு மணி நேர இடைவெளி, நாளுக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம். பத்து கிலோவுக்கு 150 மில்லிகிராம் என்பது, 5 மில்லியில் 250 உள்ள சிரப்பில் 3 மில்லி. மில்லிக்கு 100 உள்ள டிராப்ஸில் ஒன்றரை மில்லி. டிராப்ஸை சிரப் அளவில் ஊற்றினால் இரண்டு மடங்கு டோஸ் போய்விடும். நீர் வற்றியிருக்கும்போது ஐபுபுரூஃபன் வேண்டாம், சிறுநீரகத்துக்கு ஆபத்து. ஐஸ் தண்ணீர் ஒத்தடமும் வேண்டாம். நடுங்க ஆரம்பித்தால் சூடு ஏறத்தான் செய்யும்.

மூன்றிலிருந்து ஆறு மணி நேரத்தில் கண் மேலே வந்து, தோல் சமமாகி, சிறுநீரும் போன பிறகு குழந்தை இன்னும் துவண்டு கிடந்தால் நீரைக் காரணம் காட்டிக்கொண்டிருக்க முடியாது. குளுக்கோமீட்டரில் இன்னொரு சொட்டு ரத்தம் வைத்துச் சர்க்கரையைப் பாருங்கள். கழுத்து விறைக்கிறதா, உச்சிக்குழி இன்னும் மூடாத குழந்தையானால் அது உப்பியிருக்கிறதா, தோலில் ஊதாப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்த்து டாக்டரை அழையுங்கள். காலையில் குழிந்திருந்த உச்சிக்குழி நீர் ஏறியதும் சமமாகி, அதோடு நிற்காமல் மேலே எழும்பினால் அது முன்னேற்றம் அல்ல, மூளைக்காய்ச்சலின் அறிகுறியாக இருக்கலாம்.

கை கழுவுவதில் ஒன்று மட்டும். பேதி வார்டில் ஆல்கஹால் ஜெல்லை மட்டும் நம்பாதீர்கள், நோரோவைரஸ் மாதிரியானவை அதற்கு எளிதில் அடங்குவதில்லை. சோப்பும் தண்ணீரும்தான். ஒவ்வொரு மலத்துக்குப் பிறகும் குழந்தையை வெறும் தண்ணீரால் துடைத்து, ஈரம் ஒற்றி எடுத்து, ஜிங்க் ஆக்சைடு களிம்பைக் கனமாகப் பூசினால் இடுப்புத் தோல் வெந்துபோகாது.

வீட்டுக்கு அனுப்பும்போது துத்தநாக மாத்திரை: ஆறு மாதத்துக்குக் கீழே நாளுக்கு 10 மில்லிகிராம், மேலே 20, பத்திலிருந்து பதினான்கு நாள். பேதி நின்ற மூன்றாம் நாளே இதையும் நிறுத்திவிடுவார்கள். அதனால் அடுத்த இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி வரும் பேதியைக் குறைக்கவும் இது உதவும் என்று சொல்லிக் கொடுங்கள். இரண்டு வயதுக்குள் ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் 50 முதல் 100 மில்லி, மேலே 100 முதல் 200 மில்லி ஓ.ஆர்.எஸ். வழக்கமான சாப்பாடு, இரண்டு வாரத்துக்கு நாளுக்கு ஒரு வேளை கூடுதலாக. குடிக்க மறுத்தாலோ, குடித்ததெல்லாம் வாந்தியானாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, மூச்சு வேகமானாலோ, தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாமல் போனாலோ உடனே வர வேண்டும். இதையெல்லாம் ஒப்பித்துவிட்டு "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒரு பாக்கெட்டையும் அவர்கள் வீட்டில் வைத்திருக்கும் அளவுள்ள பாத்திரத்தையும் கையில் கொடுத்து, கலக்கிக் காட்டச் சொல்லுங்கள்.