வினோகிராட்ஸ்கி பாட்டில்: நுண்ணுயிர்களைவிடப் பல்பும் பள்ளி அலமாரியும் படுத்திய பாடு

சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் செய்முறைத் தேர்வில் ஆய்வுத் திட்டத்துக்கும் அதன் வாய்மொழித் தேர்வுக்கும் சேர்த்து 5 மதிப்பெண். அதற்காகப் பெங்களூரில் நானும் மகளும் அலைந்த அலைச்சலை, அடுத்த ஆண்டு இதே வேலையில் இறங்கக்கூடிய பெற்றோருக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். எரிச்சல் இன்னும் முழுமையாகத் தணியவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குளத்துச் சேற்றை ஒரு கண்ணாடிக் குழாயில் அடைத்து வெளிச்சத்தில் வைத்தால், அதற்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய ஆக்சிஜனையும் கந்தகத்தையும் ஒளியையும் தேடித் தாமாகவே அடுக்கடுக்காகப் பிரிந்து குடியேறும் என்பதை 1880-களில் காட்டியவர் நுண்ணுயிரியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி. அந்தச் சோதனையைத்தான் மகள் தன் திட்டமாக எடுத்துக்கொண்டாள். மேலே பச்சையாக, நீலப்பச்சைப் பாசி எனப்படும் சயனோபாக்டீரியா, அதற்குக் கீழே செம்பழுப்பும் ஊதாவும், அடியில் இரும்பு சல்ஃபைடின் கருமை என்று சில வாரங்களில் பட்டைகள் தெரியத் தொடங்கும். செலவு குறைவு, விலங்குகளைத் துன்புறுத்த வேண்டியதில்லை, படம் எடுத்தால் பதிவேட்டில் அழகாக இருக்கும். இவ்வளவும் இருந்தும் தலைப்புக்கான ஒப்புதல் படிவம் திரும்பி வந்தது.

ஊட்டச்சத்துச் சுழற்சியும் சூழலியல் வழிமுறை வளர்ச்சியும் பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டதால், கந்தகச் சுழற்சி பற்றிய திட்டம் 'பாடத்துக்கு வெளியே' போகிறது என்பது ஆசிரியை சொன்ன காரணம். சூழல் மண்டலப் பாடத்திலிருந்து அந்தப் பகுதிகள் எடுக்கப்பட்டது உண்மைதான். ஆனால் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் உயிரின வகைப்பாட்டுப் பாடத்தில் வேதிச்சேர்க்கை செய்யும், அதாவது ஒளிக்குப் பதிலாக வேதிப்பொருள்களிலிருந்து ஆற்றல் பெற்றுத் தம் உணவைத் தாமே தயாரிக்கும் தற்சார்பு பாக்டீரியா இன்னும் இருக்கிறது. தலைப்பில் 'சுழற்சி' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'குளத்துச் சேற்றில் ஒளிச்சேர்க்கை, வேதிச்சேர்க்கை பாக்டீரியாக்கள்' என்று மாற்றி எழுதி, அந்தப் பக்கத்தின் நகலையும் இணைத்துக் கொடுத்ததும் அதே திட்டத்துக்கு மறுப்பின்றிக் கையொப்பம் கிடைத்தது. ஆகவே படிவத்தை நிரப்பும்போதே பாடப்புத்தகப் பக்க எண்ணைக் குறிப்பிட்டுவிடுங்கள்.

அடுத்தது சேறு. ஏரிகளின் ஊரில் ஒரு வாளி சேற்றுக்குப் பஞ்சம் வரும் என்று யார்தான் நினைப்பார்கள்? எங்கள் பகுதி ஏரியைச் சுற்றி வேலி, வேலிக்கு ஒரு வாயில், வாயிலில் ஒரு காவலர். பள்ளியிலிருந்து கடிதம் வாங்கிச் சென்று காட்டினோம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு 'ஆகல்ல மேடம்' என்று கன்னடத்தில் முடித்துக்கொண்டார். யாரிடம் அனுமதி பெற வேண்டும் என்று கேட்டால் அதற்கும் அதே பதில்தான். கடைசியில் சர்ஜாபூர் சாலையில் தர்மபுரிக்காரர் ஒருவர் நடத்தும் நாற்றுப்பண்ணையில் வேலை முடிந்தது. தாமரை வைத்திருந்த பழைய தொட்டியைக் காட்டி, "சேறுதானேக்கா, வேணுங்கிற மட்டும் அள்ளிக்குங்க" என்றார். அடியில் கன்னங்கரேலென்று, அழுகிய முட்டை நாற்றத்துடன் இருந்தது. அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடின் நாற்றம் என்பதால், நமக்கு வேண்டிய கூட்டம் அங்கே ஏற்கெனவே குடியிருக்கிறது என்று பொருள். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

பாட்டிலை நிரப்புவது அரை மணி நேர வேலை. இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில்கள் இரண்டின் கழுத்தை வெட்டிவிட்டு, அடியில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிழித்த செய்தித்தாள், கால்சியம் கார்பனேட், கந்தகச் சத்து கலந்த சேறு, அதன் மேல் வெறும் சேறு, அதற்கும் மேல் இரண்டு விரற்கடை நீர், கொஞ்சம் காற்றிடம், வாயில் நெகிழித் தாளும் ரப்பர் வளையமும். செய்தித்தாள், பாக்டீரியாவுக்கு உணவாகும் செல்லுலோஸுக்காக, வழவழப்பான வண்ணப் பக்கங்களைத் தவிர்த்துவிடுங்கள். குழாய் நீரில் குளோரின் இருக்கும் என்பதால் தொட்டி நீரையே கொண்டுவந்தோம்.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. கார்பனேட்டுக்குச் சாக்பீஸைப் பொடித்துப் போடலாம் என்று பல குறிப்புகளில் எழுதியிருக்கும். நம் கடைகளில் கிடைக்கும் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்ஃபேட். ஒரு துண்டின் மேல் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் கார்பனேட், சும்மா இருந்தால் ஜிப்சம். இரண்டுமே இந்தப் பாட்டிலுக்குத் தேவைதான் என்பதால் நாங்கள் ஜிப்சம் சாக்பீஸைக் கந்தகத்துக்கும், முட்டை ஓட்டுப் பொடியைக் கார்பனேட்டுக்கும் வைத்துக்கொண்டோம். முட்டை மஞ்சள் கருவும் கந்தகம் தரும். ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்பவர்கள் அக்கம்பக்கத்தாரை நினைத்து அதை விட்டுவிடுவது நல்லது.

மழைக்காலம் என்பதால் பெங்களூர் வானம் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. பாட்டிலின் மேற்பகுதி பச்சையானதே தவிர, ஊதாவின் சுவடே இல்லை. வீட்டில் இருந்த வெள்ளை எல்.இ.டி. விளக்கை அருகில் வைத்தும் பயனில்லை. ஊதா கந்தக பாக்டீரியா முக்கியமாக உறிஞ்சுவது 800 முதல் 900 நானோமீட்டர் வரையிலான அகச்சிவப்பு ஒளி, வெள்ளை எல்.இ.டி.யில் அது ஏறக்குறைய இல்லை. பழைய குண்டு பல்பில்தான் அது தாராளமாக இருக்கிறது. அந்த 60 வாட் பல்பைத் தேடி எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கியதை மறக்கவே முடியாது. ஒரு கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மின்கட்டணம் எவ்வளவு வரும் தெரியுமா என்று பாடம் எடுத்தார். இன்னொருவர் மஞ்சள் நிற எல்.இ.டி.யைக் கொடுத்து, இதுவும் அதுவும் ஒன்றுதான் என்று சாதித்தார். ஒன்றல்ல. முடிவில் சிவாஜிநகரில் பறவைகள் விற்கும் ஒருவரிடம், கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு காட்ட வைத்திருந்த பல்புகளில் ஒன்று கிடைத்தது. உங்களுக்கும் தேவைப்பட்டால் மின்சாதனக் கடைகளை விட்டுவிட்டு நேரே கோழிக்குஞ்சு விற்பவரிடம் போங்கள். பல்பு பாட்டிலிலிருந்து இரண்டடி தள்ளி இருக்கட்டும். சேறு சூடாகிவிடக் கூடாது.

நாள் போகப்போக, நடுப்பகுதியில் செம்புள்ளிகள் தோன்றி, பிறகு அவை ஒன்றோடொன்று சேர்ந்து ஊதாப் பட்டையாயின. பாட்டில் சுவரோரமாக அதற்குக் கீழே மங்கிய பச்சை. அது கந்தக பாக்டீரியாவின் பச்சை, மேலே இருக்கும் பாசிப் பச்சை வேறு. இந்த வேறுபாட்டைத் தேர்வில் கேட்பார்கள்.

இனி அலமாரிக் கதை. இரண்டு பாட்டில்களில் ஒன்று ஆய்வகத்தில்தான் இருக்க வேண்டும் என்பது பள்ளியின் விதி. அதை ஜன்னலோரம் வைத்துப் பெயர்ச்சீட்டும் ஒட்டி வந்தோம். தசரா விடுமுறைக்கு முன் ஆய்வு அதிகாரிகள் வருகிறார்கள் என்று ஆய்வகத்தைச் சுத்தம் செய்தவர்கள், பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறது என்று பாட்டிலை இரும்பு அலமாரிக்குள் தள்ளிப் பூட்டிவிட்டார்கள். விடுமுறை முடிந்து திறந்தபோது பச்சையும் ஊதாவும் வெளிறிப்போய், கருமை முக்கால் பாட்டிலுக்கு ஏறியிருந்தது. நாற்றத்தைச் சொல்லவே வேண்டாம். ஒளியை நம்பியவை ஒடுங்கிவிட, சல்ஃபேட்டைச் சுவாசித்து, கருமைக்குக் காரணமான சல்ஃபைடை உண்டாக்கும் பாக்டீரியாவுக்கு ஒளியே தேவையில்லை என்பதால் அவை தம் வேலையைத் தொடர்ந்திருக்கின்றன. பொறுப்பு யாருடையது என்று கேட்டபோது ஆய்வக உதவியாளர் துப்புரவுப் பணியாளரைக் கைகாட்டினார். அவர் மேலாளரைக் கைகாட்டினார். மேலாளர் விடுப்பில் இருந்தார்.

மகள் என்னைவிடப் பொறுமைசாலி. வீட்டுப் பாட்டிலையும் பள்ளிப் பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, 'ஒளியில் வைத்த மாதிரி, இருளில் வைத்த மாதிரி' என்று பதிவேட்டில் ஒரு புதிய அத்தியாயத்தையே சேர்த்துவிட்டாள். யார் இருளில் வைத்தார்கள் என்பதை மட்டும் எழுதவில்லை. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மற்ற பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போய் அங்கே நின்றார். கேள்விகள் முழுவதும் அந்தப் படத்தைப் பற்றித்தான். இருளில் கருமை ஏன் கூடியது என்பதற்கு அவள் சொன்ன விளக்கத்தைக் கேட்டுவிட்டு, படத்தைத் தம் கைபேசியில் எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது பள்ளி, வீட்டுப் பாட்டிலைக் காட்சிக்குக் கேட்கிறது. கொடுப்பதாக இல்லை. நீர் குறையும்போது ஊற்றி வந்தால் அது ஆண்டுக்கணக்கில் இருக்கும். கெட்டுப்போன பாட்டிலை மட்டும் திறந்த வெளியில், முகத்தைத் திருப்பிக்கொண்டு, செடிகளின் வேரிலிருந்து தள்ளிக் குழி தோண்டிப் புதைத்தோம். மூடிய குளியலறையில் வைத்துக் கவிழ்க்காதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு நச்சு வாயு.