பேராசிரியருக்கு மெயில் போடும் முன் ஒரு சிலிக்கான் கணக்கு

மதுரைப் பக்கம் எம்.எஸ்சி. இயற்பியல் முடிக்கிற தம்பி தங்கைகள், கணினிவழிப் பொருளறிவியலில் (பொருள்களின் பண்புகளைக் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கும் துறை) பிஎச்.டி. சேர என்ன செய்யணும் என்று கேட்கும்போதெல்லாம் நான் முதலில் சொல்வது, பேராசிரியருக்கு மெயில் தட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு கணக்கையாவது சொந்தமாகப் போட்டுப் பாருங்கள் என்பதுதான். "உங்கள் ஆராய்ச்சியில் எனக்கு மிகுந்த ஆர்வம்" என்று ஊர்ப்பட்ட பேருக்கு ஒரே மெயிலை அனுப்பினால் பதில் வராது.

பெரிய கம்ப்யூட்டரெல்லாம் வேண்டாம். இந்தக் கணக்குக்கான மென்பொருள் குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ இலவசம், சாதாரண லேப்டாப்பில் உபுண்டு போட்டு நிறுவிக்கொள்ளலாம். சிலிக்கானை எடுங்கள், படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படைக் கூட்டில் இரண்டே அணு, சில நிமிடங்களில் ஓடி முடிந்துவிடும். பிபிஇ என்ற தோராய முறையை வைத்துப் போட்டால் பேண்ட் கேப் (எலக்ட்ரான்கள் இருக்க முடியாத ஆற்றல் இடைவெளி) 0.6 எலக்ட்ரான் வோல்ட் பக்கம் வரும், ஆனால் சோதனையில் அளந்தது 1.1. இன்புட் ஃபைலில் தப்பு தேடாதீர்கள், அந்த முறையே கேப்பைக் குறைத்துத்தான் காட்டும். ஏன் என்று தோண்டினால் இந்த வகைக் கணக்குகளுக்கு அடிப்படையாக 1965-இல் கோன், ஷாம் என்ற இயற்பியலாளர்கள் எழுதிய சமன்பாடுகளுக்கே போய்ச் சேருவீர்கள், பாதிப் பாடம் அங்கேயே இருக்கிறது.

நேர்காணலிலும் இதைத்தான் குடைவார்கள். "கட்ஆஃப் ஏன் 40 ரைட்பெர்க்? கே-பாயிண்ட் எப்படி முடிவு பண்ணீங்க?" கட்ஆஃப் என்பது கணக்கில் சேர்க்கும் அலைகளின் ஆற்றல் வரம்பு, ரைட்பெர்க் அதன் அலகு; கே-பாயிண்ட் என்பது படிகத்தில் எலக்ட்ரான் அலைகளை மாதிரிக்கு எடுத்துப் பார்க்கும் புள்ளிகள். சீனியர் கொடுத்த ஃபைலில் இருந்தது என்றால் பேச்சு அதோடு முடிந்தது. கட்ஆஃபை ஏற்றிக்கொண்டே போய், மொத்த ஆற்றல் அசையாமல் நிற்கிற இடத்தைப் போர்டில் வரைந்து காட்டுங்கள், ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, அந்தக் கோடு பேசிவிடும்.

சரி, மெயிலில் என்ன எழுதுவது? அவருடைய சமீபத்திய பேப்பர் ஒன்றைப் படித்து, அதில் புரியாத இடத்தைக் குறிப்பாகக் கேளுங்கள், நீங்கள் போட்ட கணக்கை நாலு வரியில் சொல்லி வரைபடத்தை இணையுங்கள். அவ்வளவு போதும்.

நெட், கேட், ஜெஸ்ட் என்ற தேசிய அளவிலான தேர்வுகள் மூன்றையும் எழுதிவிடுங்கள், தரமணி கணித அறிவியல் நிறுவனம் மாதிரி இடங்களுக்கு ஜெஸ்ட் வேண்டும். நெட் வழியாக ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால், 2023-இலிருந்து உள்ள கணக்குப்படி மாதந்தோறும் 37,000 ரூபாய் உங்கள் பெயரிலேயே வரும், பேராசிரியர் தன் ப்ராஜெக்ட் பணத்தை எதிர்பார்க்க வேண்டியதில்லை, அதனால் குழுவைத் தேர்ந்தெடுக்கிற இடம் உங்களுக்கும் கொஞ்சம் கூடும். அப்புறம், சென்னையில் நேர்காணல் என்றால் மாட்டுத்தாவணியில் ராத்திரி பஸ் ஏறி விடிந்ததும் அப்படியே போய் நிற்காதீர்கள், ஒரு நாள் முன்னாடியே போய்த் தூங்கி எழுந்து போங்கள்.