64 பேர் கவுன்டி: ஒரு விவரக் குறிப்பைத் தொகுத்த விதம்

டெக்சஸ் மாநிலத்தின் மேற்கே, நியூ மெக்சிகோ எல்லையை ஒட்டி லவிங் கவுன்டி (மாநிலத்துக்குக் கீழுள்ள நிர்வாகப் பிரிவு) கிடக்கிறது. 2020 சென்சஸில் மொத்தமே 64 பேர். அமெரிக்காவில் இதைவிட ஆள் குறைந்த கவுன்டி அந்த ஆண்டு கிடையாது. ஹவாயின் கலாவாவோகூட 82. இதன் நிலம், வரலாறு, மக்கள்தொகை மூன்றையும் சேர்த்துத் தமிழில் இரண்டு பக்கக் குறிப்பு எழுத வேண்டும் என்றால், ஒரு மாலையில் முடித்துவிடலாம் என்றுதான் தோன்றும். முடியாது. ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுன்டியில் 47 லட்சம் பேர். அங்கே பத்துப் பேர் கூடினாலும் குறைந்தாலும் யார் கண்ணிலும் படாது. இங்கே பத்துப் பேர் என்பது ஆறில் ஒரு பங்கு. எந்த எண்ணை எடுத்தாலும் எந்தத் தேதியில், எந்த எல்லைக்குள், யாரைக் கணக்கில் சேர்த்து என்று கேட்காமல் எழுத முடியாது.

முதல் தகராறு பெயரில். ஆங்கிலப் பக்கத்தை அப்படியே இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டால் ‘அன்பான கவுன்டி’ என்று வந்து நிற்கும். ஆலிவர் லவிங் என்ற மாட்டு வியாபாரியின் பெயர் அது. ‘கவுன்டி’யை ‘மாவட்டம்’ என்று மாற்றும் ஆசையும் வேண்டாம். மாவட்டம் என்றதும் நம் மனதில் கலெக்டர் வந்து உட்கார்ந்துவிடுவார். டெக்சஸில் கவுன்டியை நடத்துவது ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த கவுன்டி ஜட்ஜும் நான்கு கமிஷனர்களும். அந்தக் குழுவுக்குக் ‘கமிஷனர்ஸ் கோர்ட்’ என்று பெயர். கோர்ட் என்றாலும் பட்ஜெட் போடுவதும் சாலை போடுவதும்தான் அதன் முக்கிய வேலை. 10,000-க்குக் குறைவான மக்கள் உள்ள கவுன்டிகளில் பொதுவாகக் காவல் தலைவரான ஷெரிஃப்தான் வரி வசூலிப்பவரும். பேக்கஸ் ஆற்றின் பெயரை எழுத்தைப் பார்த்துப் ‘பெகோஸ்’ என்று எழுதத் தோன்றும். டெக்சஸ்காரர்கள் சொல்வது ‘பேக்கஸ்’. அதையே வைத்துக்கொண்டோம்.

அடுத்து குறியீட்டு எண். அமெரிக்க அரசுத் தரவில் கவுன்டியைப் பெயரால் தேடாமல் எண்ணால் தேடுவதே நல்லது. டெக்சஸுக்கு 48, லவிங்குக்கு 301, சேர்த்தால் 48301. டெக்சஸின் 254 கவுன்டிகளுக்கும் அகரவரிசையில் ஒற்றைப்படை எண்களாகவே கொடுத்திருக்கிறார்கள், 001 முதல் 507 வரை. இடையில் புதிதாக ஒன்று முளைத்தால் செருக இடம் வேண்டுமே. பெயரால் தேடினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த வட்டாரமே சாட்சி. எல்லைக்கு அப்பால், நியூ மெக்சிகோவின் எடி கவுன்டியில் லவிங் என்றே ஒரு சிற்றூர் இருக்கிறது. அதுவும் இதே ஆலிவர் லவிங்கின் பெயர்தான். பக்கத்து லீ கவுன்டியில் லவிங்டன் என்று ஒரு நகரம். அதற்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை, அது லவ் என்ற இன்னொருவர் பெயரால் வந்தது. தரவுக் கோப்பை எக்செலில் திறப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அந்தக் குறியீட்டு நிரலை முதலிலேயே ‘எழுத்து’ வகையாக மாற்றிவிடுங்கள். டெக்சஸுக்குப் பாதிப்பில்லை. அலபாமா (01) போலப் பூஜ்யத்தில் தொடங்கும் மாநிலங்களுக்கு முன்னால் உள்ள பூஜ்யம் விழுங்கப்பட்டு, கோப்புகளை இணைக்கும்போது வரிசை வரிசையாகக் காணாமல் போகும்.

பரப்பளவு சென்சஸ் நிறுவனத்தின் கெசட்டியர் கோப்பில் கிடைக்கிறது. நிலம், நீர் என்று இரண்டு நிரல்கள், சதுர மீட்டரிலும் சதுர மைலிலும். லவிங்கின் மொத்தப் பரப்பு சுமார் 677 சதுர மைல், அதில் நிலம் 669. மீதி நீர். இந்தப் பாலைவனத்தில் எட்டுச் சதுர மைல் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று சந்தேகம் வரும். பேக்கஸ் ஆற்றின் குறுக்கே கட்டிய ரெட் பிளஃப் அணையின் நீர்த்தேக்கம் இந்த எல்லைக்குள்ளும் பரவியிருக்கிறது. அது எல்லை தாண்டி நியூ மெக்சிகோவுக்குள்ளும் நீள்கிறது. அந்த மாநிலத்திலேயே தாழ்வான இடம் அந்தக் கரைதான். ஆற்றுக்கு மறுபக்கம் ரீவ்ஸ் கவுன்டி. கிழக்கே விங்க்லர், தென்கிழக்கே வார்ட், வடக்கே லீ, வடமேற்கே எடி.

மக்களடர்த்தி கணக்கிட மொத்தப் பரப்பை எடுக்கக் கூடாது, நிலப்பரப்பை மட்டும் எடுக்க வேண்டும். 64-ஐ 669-ஆல் வகுத்தால் சதுர மைலுக்கு 0.096. சதுர கிலோமீட்டருக்கு மாற்றினால் 0.037. இங்கேதான் பெட்டிச் செய்திக்கான வார்ப்புரு காலை வாரியது. அது ஒரு தசமத்துக்கு முழுமையாக்கி ‘0.0’ என்று காட்டியது. ஆளே இல்லாத கவுன்டி! தசம இடத்தைக் கூட்டலாம், ஆனால் 0.037 என்பது வாசிப்பவருக்கு எதையும் உணர்த்தாது. திருப்பிப் போட்டு எழுதினோம்: ஆளுக்கு 27 சதுர கிலோமீட்டர். கணக்கு அதேதான், இப்போது கண்ணுக்குத் தெரிகிறது.

வரலாற்றுப் பகுதியில் ‘நிறுவப்பட்ட ஆண்டு’ என்று ஒரே கட்டம். லவிங்குக்கு அதில் போட மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. 1887-ல் டாம் கிரீன் கவுன்டியிலிருந்து கோடு போட்டுப் பிரித்தார்கள். அது சட்டப் புத்தகத்தில் எல்லை மட்டும். அலுவலகமோ அதிகாரிகளோ இல்லை, நிர்வாகம் பக்கத்து ரீவ்ஸின் பொறுப்பில். டெக்சஸில் எல்லை வகுப்பது ஒரு படி, நிர்வாகம் அமைப்பது தனிப் படி. இரண்டாவது படி 1893-ல் நடந்தது, அதுவும் வேடிக்கையாக. டென்வரிலிருந்து வந்த ஒரு கால்வாய் நிறுவனத்தார் பேக்கஸ் தண்ணீரைத் திருப்பிப் பாசனம் செய்யப்போவதாகக் கிளம்பி, நிர்வாகம் அமைக்கக் கோரி 150 வாக்காளர்கள் கையெழுத்திட்டதாக ஒரு மனுவைக் கொடுத்தார்கள். 1890 சென்சஸில் இந்த எல்லைக்குள் எண்ணப்பட்டவர்கள் 3 பேர். மூன்றே ஆண்டில் மூன்று 150 ஆனது எப்படி என்று அப்போதே கேள்வி எழுந்தது. அதிகாரிகள் தேர்வானார்கள், கொஞ்ச நாளில் ஆட்களும் இல்லை, ஒழுங்கான கணக்கும் இல்லை. 1897-ல் சட்டமன்றம் அந்த நிர்வாகத்தைக் கலைத்து மறுபடி ரீவ்ஸோடு சேர்த்தது. எண்ணெய் வந்த பிறகு 1931-ல் மீண்டும் அமைத்தார்கள். டெக்சஸில் இரண்டு முறை நிர்வாகம் அமைக்கப்பட்ட கவுன்டி இது ஒன்றுதான். கட்டத்தில் 1887 என்று போட்டு, 1893, 1897, 1931 மூன்றையும் உடனே அடுத்த வரியில் சொல்லிவிட்டோம். பத்திரப் பதிவு தேடுபவருக்கு இது வெறும் தகவல் இல்லை. 1897-க்கும் 1931-க்கும் இடைப்பட்ட பதிவுகளுக்கு ரீவ்ஸின் தலைமையிடமான பேக்கஸ் நகரில்தான் கேட்க வேண்டும்.

தலைமையிடம் மென்டோன். இதிலும் ஒரு பொறி: 1893-ன் மென்டோன் வேறு, இப்போதுள்ள மென்டோன் வேறு. பழையது கால்வாய்க் கனவோடு போய்விட்டது. 1931-ல் எழுந்த புது ஊருக்கு அந்தப் பெயரைத் தூக்கி வைத்தார்கள். பழைய வரைபடத்தையும் புதியதையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் ஊர் ‘நகர்ந்த’து போலத் தெரியும். மென்டோனுக்கு நகராட்சி கிடையாது. ஆகவே சென்சஸ் அதற்குத் தருவது நகராட்சி எல்லைக்கான எண் அல்ல, தானே வகுத்துக்கொண்ட குடியிருப்பு எல்லைக்கான எண்.

ஆலிவர் லவிங் பற்றி இரண்டு வரி போதும். 1867-ல் பேக்கஸ் ஆற்றோரம் கொமாஞ்சிப் பழங்குடியினர் தாக்கியதில் காயம்பட்டு, சம்னர் கோட்டையில் புண் அழுகி இறந்தார். இந்தக் கவுன்டியில்தான் தாக்கப்பட்டார் என்று எழுதிவிடுவது எளிது. அந்த இடம் ஆற்றில் இன்னும் மேலே, நியூ மெக்சிகோவில். இன்னொரு சொல்லிலும் கவனம் தேவை. எட்னா ரீட் கிளேட்டன் டுவீஸ் 1945-ல் இங்கே ஷெரிஃப் ஆனார். ‘டெக்சஸின் முதல் பெண் ஷெரிஃப்’ என்று எழுதினால் தவறு, ஏனென்றால் 1918-லேயே கோல்மன் கவுன்டியில் எம்மா பேனிஸ்டர் நியமிக்கப்பட்டிருந்தார். ‘தேர்தலில் வென்ற முதல் பெண் ஷெரிஃப்’ என்பதே சரி.

மக்கள்தொகைக்கு வருவோம். பத்தாண்டு வரிசை இது: 1890-ல் 3, 1900-ல் 33, 1910-ல் 249, 1920-ல் 82, 1930-ல் 195, 1940-ல் 285, 1950-ல் 227, 1960-ல் 226, 1970-ல் 164, 1980-ல் 91, 1990-ல் 107, 2000-ல் 67, 2010-ல் 82, 2020-ல் 64. சதவீதத்தில் எழுதினால் அபத்தமாகிவிடும். 1890-க்கும் 1900-க்கும் இடையே ‘1000 சதவீத வளர்ச்சி’ என்று அட்டவணை கத்தும். வந்தவர்கள் 30 பேர். எனவே ஆள் எண்ணிக்கையில் மட்டும் கொடுத்து, சதவீத நிரலை எடுத்துவிட்டோம். இந்த ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் சொல்லும்போதும் எல்லை மாறவில்லை என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். சிகாகோவின் நியூபெரி நூலகம் கவுன்டி எல்லை மாற்றங்களை நாள்வாரியாக வரைபடமாக்கி வைத்திருக்கிறது. பழைய எண்களைத் தொடுவதற்கு முன் அதைப் பார்ப்பது நல்லது. 1920-க்குப் பிந்தைய ஏற்றம் எண்ணெயால் வந்தது. 1960-க்குப் பிந்தைய சரிவை ஒரே விவரம் காட்டிவிடுகிறது: 1972-ல் பள்ளியில் மாணவர் எண்ணிக்கை இரண்டாகக் குறைந்து, பக்கத்து விங்க் ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். இன்றும் அந்தப் பள்ளி வட்டாரத்தின் பெயர் விங்க்-லவிங்.

1890-ன் அந்த மூன்று பேர் யார் என்று தேடினால் கிடைக்காது. அந்தச் சென்சஸின் பெயர்த் தாள்களில் பெரும்பகுதி 1921-ல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தில் போய்விட்டது. அச்சிட்ட மொத்த எண்கள் தப்பின. மற்ற ஆண்டுகளின் பெயர்த் தாள்களை 72 ஆண்டு கழித்தே திறக்க வேண்டும் என்று விதி உண்டு. 1950-ன் தாள்கள் 2022-ல் திறக்கப்பட்டன, 1960-க்கு 2032 வரை காத்திருக்க வேண்டும்.

2020-ன் 64-ஐ எழுதும்போது ஒரு சங்கடம் இருக்கிறது. தனிநபர் விவரம் வெளியே தெரியாமல் இருக்க, அந்த ஆண்டு சென்சஸ் நிறுவனம் எண்களில் வேண்டுமென்றே சிறு குலைவைக் கலந்தது. மாநில மொத்தம் மட்டும் எண்ணியபடியே வெளிவந்தது. கவுன்டி மொத்தத்துக்கு அந்த உத்தரவாதம் இல்லை. வீடுகளின் எண்ணிக்கை மாற்றப்படவில்லை, ஆட்களின் எண்ணிக்கை மாறலாம். கவுன்டிக்குக் கீழே, சென்சஸின் மிகச் சிறிய பரப்பான பிளாக் அளவுக்கு இறங்கினால் பெரியவர் ஒருவர்கூட இல்லாமல் குழந்தைகள் மட்டும் குடியிருப்பது போன்ற பிளாக்குகள் நாடெங்கும் வந்திருக்கின்றன. அதனால் 64 என்ற வெளியிட்ட எண்ணைக் கொடுத்து, அதற்குக் கீழே பிரிக்காமல் நிறுத்திக்கொண்டோம். வயது, இனம் என்று பிரிப்பவர்கள் ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க, ஸ்பானிய வம்சாவளி) என்பது 2020-ல் இனப் பட்டியலில் ஒரு வரி அல்ல, தனிக் கேள்வி என்பதை மறக்கக் கூடாது. சேர்த்துக் கூட்டினால் நூறு சதவீதத்தைத் தாண்டும்.

வருமானம், கல்வி, பயணத் தூரம் எல்லாம் ஆண்டுதோறும் நடக்கும் மாதிரிக் கணக்கெடுப்பிலிருந்து வருபவை. அதன் ஓராண்டுத் தரவு 65,000 பேருக்கு மேல் உள்ள இடங்களுக்குத்தான். லவிங்குக்கு ஐந்தாண்டுச் சராசரி மட்டும் கிடைக்கும், அதிலும் பல வரிகளில் பிழை வரம்பு மதிப்பீட்டையே விழுங்கிவிடும். மதிப்பீடு 12, கூட்டல் கழித்தல் 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வைத்து என்ன எழுத முடியும்? அந்தப் பகுதியை முழுவதுமாக விட்டுவிட்டோம். ஜூலை 1-ஐ வைத்து ஆண்டுதோறும் வெளியாகும் மக்கள்தொகை மதிப்பீட்டை எடுத்தால் முழு வரிசையையும் ஒரே வெளியீட்டிலிருந்து எடுங்கள். ஒவ்வொரு வெளியீட்டிலும் முந்தைய ஆண்டுகளையும் திருத்துகிறார்கள்; பழையதில் பாதி, புதியதில் பாதி என்று ஒட்டினால் நடக்காத குடிபெயர்வு ஒன்று வரைபடத்தில் தோன்றும்.

‘கிராமப்புறம்’ என்ற சொல்லுக்கும் இரண்டு அளவுகோல். சென்சஸ் நிறுவனம் இப்போது 5,000 பேரோ 2,000 வீடுகளோ உள்ள இடத்தைத்தான் நகர்ப்புறம் என்கிறது. அப்படிப் பார்த்தால் லவிங் முழுக்கக் கிராமப்புறம். வேலைக்குப் போய்வரும் பாதையை வைத்துப் பிரிக்கும் மற்றொரு வகைப்பாட்டில் இது பேக்கஸ் நகரைச் சுற்றிய ‘மைக்ரோபாலிட்டன்’ (சிறு நகர் சார்ந்த) பகுதியில் சேர்கிறது. இரண்டும் அரசுடையதுதான், இரண்டும் சரிதான். எதைச் சொல்கிறோம் என்று எழுதினால் போதும்.

கடைசியில் வந்த கேள்வி தேர்தல் அட்டவணையிலிருந்து. 2020 நவம்பரில் அதிபர் தேர்தலுக்கு இங்கே பதிவான ஓட்டு 66. மக்கள்தொகை 64, குழந்தைகளையும் சேர்த்து. எழுத்துப்பிழை என்று நினைத்துத் திருத்தப்போனால் கெட்டது. சென்சஸ் ஏப்ரல் 1-ஐ வைத்து, ஒருவர் பெரும்பாலான நாட்கள் எங்கே தங்கித் தூங்குகிறாரோ அங்கே அவரை எண்ணுகிறது. எண்ணெய்க் கிணற்று வேலைக்கு வந்து டிரெய்லரில் தங்கியிருப்பவர், தன் வீடு இருக்கும் ஒடெசா நகரில் எண்ணப்படலாம். டெக்சஸ் வாக்காளர் சட்டமோ, வெளியே போனாலும் திரும்பிவர எண்ணும் வீடு எதுவோ அதைத்தான் குடியிருப்பு என்கிறது. மாடு மேய்க்கும் நிலம் இங்கே, பிள்ளைகள் படிக்கும் வீடு வேறு கவுன்டியில் என்றிருக்கும் குடும்பம் சென்சஸ் கணக்கில் ஒரு இடத்திலும் வாக்காளர் கணக்கில் வேறு இடத்திலும் விழலாம். இரண்டு எண்களையும் திருத்தாமல், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் தேதியைப் போட்டு அச்சுக்கு அனுப்பினோம்.