அடிக்கப்பட்ட ஒரு வரி

பள்ளி மாணவர்களுக்கான ஓவிய நூலில் நான் எழுதிய ஒரு வரியை மூத்த பதிப்பாசிரியர் அடித்துவிட்டார். அது இன்னும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

படம், ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821இல் வரைந்த 'வைக்கோல் வண்டி'. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஸ்டவர் ஆறு. ஆழமில்லாத நீரில் வெறும் வண்டி நிற்கிறது. கரையில் ஒரு நாய். வீட்டுக் கூரையின் மேல் மெல்லிய புகை. குறிப்பின் கடைசியில், 1816இலும் 1822இலும் சஃபோக் விவசாயக் கூலிகள் வயிற்றுப்பாட்டுக்காகக் கலகம் செய்ததையும் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்ததையும் எழுதியிருந்தேன்.

"படத்தில் இருப்பதை எழுதுங்கள். இல்லாததை எழுதினால் பிள்ளைகள் படத்தைப் பார்க்க மாட்டார்கள்" என்றார்.

"சரி சார்" என்றேன்.

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. கான்ஸ்டபிள் பொய் சொல்லவில்லை. அவருடைய அப்பா அந்த ஆற்றங்கரையில் மாவு ஆலை வைத்திருந்த தானிய வியாபாரி. ஆலைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஊர் அப்படித்தான் தெரிந்திருக்கும். லண்டனில் உட்கார்ந்து, பழைய வரைவுகளை வைத்துக்கொண்டு, ஏங்கி வரைந்த படம் அது.

ஆனால் அதே நூலில், பிரெஞ்சு ஓவியர் மிலே 1857இல் வரைந்த கதிர் பொறுக்கும் பெண்களைப் பற்றி, அறுப்புக்குப் பின் சிந்தியதைப் பொறுக்கிப் பிழைத்த ஏழைகள் என்று எழுதியிருந்தேன். அதில் சார் கை வைக்கவில்லை. குனிந்த முதுகுகள் படத்திலேயே இருக்கின்றன அல்லவா? அப்படியானால் வறுமையை வரைந்தவரின் படத்துக்கு மட்டும்தான் வறுமையைப் பற்றிய குறிப்பா? வரையாதவரின் படத்துக்குக் கீழே நாமும் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா?

வரையவில்லை என்றும் அடித்துச் சொல்ல முடியவில்லை. வலப்பக்கம், தூரத்துப் புல்வெளியில் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. உற்றுப் பார்த்தால் சட்டைகள்; புல் அறுக்கும் ஆட்கள். முகம் தெரியாத தொலைவில் நிற்கிறார்கள். இதை அன்று காட்டியிருந்தால் சார் ஒப்புக்கொண்டிருப்பார் என்று ஒரு சமயம் தோன்றுகிறது. அவர்கள் வேலை செய்யும் அழகை எழுதச் சொல்லியிருப்பார் என்று இன்னொரு சமயம் தோன்றுகிறது.

மறுபதிப்புக்கான மெய்ப்பு வந்திருக்கிறது. சார் ஓய்வு பெற்றுவிட்டார், தடுக்க ஆளில்லை. அந்த வரியைச் சேர்த்துப் படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தேன். அவர் சொன்னபடியே, கண் அந்த அருமையான மேகங்களில் நிற்காமல் நேரே புள்ளிகளுக்குப் போய்விட்டது. அதற்காக வரியை விட்டுவிடவும் மனம் ஒப்பவில்லை. திங்கட்கிழமை மெய்ப்பைத் திருப்பி அனுப்ப வேண்டும்.